இரண்டு விரலிலும் ஒரே எண்

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. அவன் எழுந்து கெட்டிலில் தண்ணீர் வைத்தான். கொதிப்பதற்குள் பல் துலக்கினான். இரண்டு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தான். நான்கு மாதத்துக்கு முன்பும் இரண்டு கோப்பைதான். அப்போது மனைவி இருந்தாள், இப்போது மாமியார் இருந்தார். எண்ணிக்கை மாறாததால் காலை வேலைகளில் எதையும் மாற்ற வேண்டி வரவில்லை.

ரொட்டி வாட்டினான். முட்டை வேகவைத்தான். கூடத்தின் குறுக்கே கட்டியிருந்த கொடியில் துணிகளைத் தொட்டுப் பார்த்தான். எதுவும் காயவில்லை. பதினெட்டு நாளாக மழை. கொட்டித் தீர்க்கிற மழையாக இருந்தால் ஒருநாள் நின்றிருக்கும். இது பிசுபிசுவென்று விடாமல் பெய்தது. பீரோவுக்குப் பின்னால் சுவரில் பூஞ்சை பூத்திருந்தது. துடைத்தால் மூன்று நாளில் அதே இடத்தில், அதே வடிவத்தில் திரும்ப வந்தது.

மாமியார் பால் வாங்கக் கீழே போயிருந்தார். வீடு நான்காவது மாடி. லிஃப்ட் உண்டு, ஓடுவதில்லை. வழக்கமாகப் பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பிவிடுவார். அன்று இருபத்தைந்து ஆயிற்று. அவன் கதவைத் திறந்தான். கீழேயிருந்து இருமல் கேட்டது. இறங்கிப் போனான். இரண்டாவது மாடித் திருப்பத்தில், மடியில் பால் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தை, இங்கே உட்கார்ந்துட்டீங்க?"

"சும்மாதான் மாப்பிள்ளை. ராத்திரியோட ராத்திரியா யாரோ படியைக் கூட்டி வச்சுட்டாங்க. நேத்து இத்தனை இல்ல."

"எழுபத்திரண்டுதான்."

"அதையும் எண்ணியாச்சா? உங்ககூட குடித்தனம் பண்ணினவ பாவம்."

சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு எங்கே போய் நின்றது என்பது இருவருக்கும் தெரிந்தது. அவன் பையை வாங்கிக்கொண்டான். அவர் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார்.

"இருமல் அஞ்சு நாளா இருக்கு. டாக்டர்கிட்ட போலாம்."

"ஈரக்காத்து. வெயில் அடிச்சா ஓடிடும். ஓடற பஸ்ல முப்பது வருஷம் கம்பியைப் பிடிக்காம நின்னவ நான். நாலு மாடிக்கு டாக்டரா?"

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏறும் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து எத்தனை பேர் என்று சொல்வார், ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்காது. மகள் சாவுக்கு எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. இருங்கள் என்று அவன் சொல்லவில்லை, இருக்கட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பால் வாங்கப் போனார், அவ்வளவுதான்.

வந்த அன்று ஒன்றே ஒன்று கேட்டார். "கடைசியா என்ன சொன்னா?"

"உங்களைத்தான் கேட்டா அத்தை" என்றான் அவன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. மாமியார் அதைக் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் சொன்னார், பால்கடைக்காரியிடம் சொன்னார், மாடிப்படியில் எதிர்ப்படும் எல்லோரிடமும் சொன்னார். என் பொண்ணு கடைசியா என்னைத்தான் கேட்டாளாம். சில நாள் கழித்து அவனிடம் மறுபடி கேட்பார்: "எப்படிக் கேட்டா மாப்பிள்ளை? அப்படியே சொல்லுங்க." அவன் ஒருமுறை "அம்மா எங்கேன்னா" என்றான். இன்னொரு முறை "அம்மா வரலையான்னா" என்றான். அவர் வித்தியாசத்தைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இருமலோடு மேலே ஏறி வந்தவர் முட்டையைப் பாதி தின்று வைத்துவிட்டார். அவன் வேலைக்குக் கிளம்பினான்.

அளவுகருவிகளைச் சரிபார்த்துச் சர்டிபிகேட் கொடுக்கும் கம்பெனி. வெளியே முப்பத்தொரு டிகிரி, உள்ளே இருபது. இரவு பகல் ஏசி ஓடும். வாசலில் ஆணிகளில் ஆளுக்கொரு ஸ்வெட்டர் தொங்கும். அவன் மேஜையில் நீள அளவு. எதிர் மேஜையில் எடைகளைப் பார்ப்பவள், நாற்பது தாண்டியவள். எல்லோரும் அவளை எடைக்காரி என்பார்கள், அவளும் தன்னை அப்படியே சொல்லிக்கொள்வாள். மில்லிகிராம் எடையைக் கவ்வும்போது மூச்சை அடக்க வேண்டும் என்பதால், மற்ற நேரங்களில் அவள் வாய் மூடியதில்லை.

"தம்பி, பட்டறைக்காரன் திருப்பி அனுப்பிட்டான்" என்று ஒரு மரப்பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். உள்ளே எண்ணெய் பூசிய ஸ்டீல் துண்டுகள்; இத்தனை மில்லிமீட்டர் என்று ஒவ்வொன்றிலும் பொறித்திருக்கும், அதை வைத்து மற்றக் கருவிகளைச் சரிபார்ப்பார்கள். "நாம எழுதிக் குடுத்த நீளமும் அவன் பார்த்த நீளமும் ஒத்துப்போகலையாம்."

"அவன் பட்டறையில எத்தனை டிகிரி?"

"முப்பத்தஞ்சு இருக்கும். உலைக்குப் பக்கத்துலயே மேஜையைப் போட்டிருப்பான், மகராசன்."

"அப்ப ஸ்டீல் நீண்டிருக்கும்கா. இருபது டிகிரியிலதான் அது நூறு மில்லிமீட்டர்."

"அதைத்தான் கேக்கறேன். இந்த இருபதை எவன் வச்சான்? நம்ம ஊர்ல எந்த மாசத்துல இருபது வந்திருக்கு? இந்த ரூமுக்கு வந்தப்புறம்தான் நான் ஸ்வெட்டர்னு ஒண்ணை உடம்புல மாட்டினேன்."

"எங்கேயோ நாலு பேர் உட்கார்ந்து பேசி வச்சது."

"அந்த நாலு பேருக்கும் அன்னிக்குக் குளிரவும் இல்ல, வேர்க்கவும் இல்ல. ஆகா, இதுதான்டா சரியான சூடுன்னுட்டாங்க. நாம வேர்க்க விறுவிறுக்க பஸ் பிடிச்சு வந்து, இங்கே நடுங்கிக்கிட்டு, அவங்க சௌகரியத்தை அளந்து குடுக்கறோம்."

"எவன் வச்சா என்னக்கா, ஸ்டீல் நீள்றது நிஜம்தானே? முப்பத்தஞ்சுல எந்த நாட்டுல வச்சாலும் நீளும்."

"நீளட்டும். நான் ஸ்டீலையா திட்டறேன்?"

அவன் துண்டுகளை எடுத்துத் துடைத்து, இருபது டிகிரிக்கு வருவதற்காகக் கல் மேஜைமேல் வைத்தான். மூன்று மணி நேரம் தொடக்கூடாது. மேஜைக்கு மேலே சுவரில் ஒரு பலகை: கூடப்பிறந்ததை வைத்துச் சரிபார்க்காதே. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எல்லோரும் படிக்கும் பாடம் அது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு அளவுகோல்களில் ஒரே கோணல் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் முனைக்கு முனை பொருந்தும். பொருந்தியதால் சரி என்று நினைப்பவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான். மூன்று வருடமாகப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் அவனே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். இரண்டு மாதமாக அந்தப் பலகையைப் பார்ப்பதில்லை.

மனைவிக்குத் தொண்டையில் தொடங்கி நெஞ்சுக்கு இறங்கிய காய்ச்சல். தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்தார். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி, மேலே இருந்தால் பயமில்லை. வாங்கினான். தொண்ணூற்றாறு காட்டியது. அவள் மூச்சு முட்டுகிறது என்றாள்.

வேறொருவனாக இருந்தால் கருவியை நம்பியிருப்பான், அல்லது அவளை நம்பியிருப்பான். அவன் சரிபார்க்கிறவன். வேறு கடைக்குப் போய் வேறு கம்பெனிக் கருவி ஒன்றை வாங்கி வந்தான். அதுவும் தொண்ணூற்றாறு. விரல் மாற்றி, கை மாற்றி, கையைத் தேய்த்துச் சூடாக்கி, பன்னிரண்டு தடவை எடுத்து நோட்டில் எழுதிச் சராசரி போட்டான். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. விலை மலிவான கருவி இவ்வளவு நிலையாக நின்று அவன் பார்த்ததில்லை. திருப்தியாக இருந்தது. மூன்றாம் நாள் காலை வேலைக்குப் போனான். பதினொன்று பத்துக்குத் தையல்காரர் போன் செய்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஸ்குரூ டிரைவரை எடுத்து இரண்டையும் திறந்தான். வெளியே இரண்டு கம்பெனிப் பெயர். உள்ளே ஒரே சில்லு, ஒரே நம்பர். மூடி, திருகாணிகளை முடுக்கி, பீரோவில் வைத்தான். அவை தவறாகக் காட்டினவா என்பது அதனால் தெரிந்துவிடவில்லை. அவன் எதையும் சரிபார்த்திருக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்தான். வெகுநேரம் அடித்துத்தான் எடுத்தார்.

"சாப்பிட்டீங்களா அத்தை?"

"சாப்பிட்டேன்... உருளைக்கிழங்கு... சூப்பு வச்சேன்... உங்களுக்கும்... இருக்கு."

அவன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். இரண்டு சொல்லுக்கு ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தம் அவன் காதுக்குப் புதிதல்ல.

"ஒரே மூச்சுல பத்து வரைக்கும் எண்ணுங்க பார்ப்போம்."

"என்ன மாப்பிள்ளை... பள்ளிக்கூடமா?"

"எண்ணுங்க."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." மூச்சு இழுத்தார். "அஞ்சு."

அவன் ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"எங்கே தம்பி? துண்டு இன்னும் இருபதுக்கு வரலையே" என்றாள் எடைக்காரி.

"அத்தைக்கு நாலுக்கு மேல எண்ண வரல."

"கண்டக்டருக்கா? அப்ப எப்படிச் சில்லறை..." என்று ஆரம்பித்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "போ. போ நீ. இதை நான் பார்த்துக்கறேன்."

வீட்டில் மாமியார் கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில். இரண்டு ஆள்காட்டி விரலிலும் அந்தக் கருவிகள். நோட்டும் பக்கத்தில் திறந்து கிடந்தது.

"வாங்க. பீரோவுல... இருந்துச்சு. அவளுக்கு வாங்கினதுதானே? பாருங்க... ரெண்டும் தொண்ணூத்தஞ்சு." குரலில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. "தொண்ணூத்தி நாலுக்குக் கீழே போனாத்தான் பயம்னு... நீங்கதானே அப்ப போன்ல சொன்னீங்க? இதுக்குப் போய் வேலையை விட்டுட்டு... ஓடி வந்தீங்களா?"

உதடு சாம்பல் பூசியது போல இருந்தது.

"கிளம்புங்க அத்தை. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எதுக்கு? மிஷினே நான் நல்லா இருக்கேங்குது."

"அது சொல்றது கிடக்கட்டும்."

"இதென்ன கூத்து! மிஷினைப் பார்க்கறதுதானே உங்க பொழைப்பு. ஒண்ணு பொய் சொன்னா... இன்னொண்ணு காட்டிக் குடுக்கும்னுதானே ரெண்டு வாங்கினீங்க?"

"ரெண்டும் கூடப்பிறந்தது அத்தை. ஒண்ணை ஒண்ணு காட்டிக் குடுக்காது."

மாமியார் இரண்டு விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படித் தெரியும்?"

"பிரிச்சுப் பார்த்தேன்."

"எப்போ?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"எங்கிட்ட சொல்லல."

"சொல்லல."

மழை ஜன்னல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் நாலைந்து தடவை மூச்சு வாங்கினார்.

"அப்ப அன்னிக்கும்... இது பொய்தான் சொல்லிச்சா?"

தெரியாததைச் சர்டிபிகேட்டில் எழுதக்கூடாது. "தெரியல" என்றான். "உங்களுக்கு இப்ப மூச்சு முட்டுதா இல்லையா? அதைச் சொல்லுங்க."

அவர் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தார்.

"முட்டுது. ரெண்டு நாளா முட்டுது. சொன்னா... நீங்க நோட்டை எடுத்துடுவீங்களோன்னு..."

அவன் கீழே ஓடித் தையல்காரரை அழைத்து வந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இருவரும் தூக்கினார்கள். படி நனைந்திருந்தது. தையல்காரருக்கு ஒரு கால் கொஞ்சம் சாய்வு, ஆனால் முன்பக்கத்தை அவர்தான் பிடிப்பேன் என்றார்.

"ராணி மாதிரி போறீங்கக்கா" என்றார், மூன்றாவது மாடியில்.

"ராணின்னா... லிஃப்ட்டு ஓடியிருக்கும்" என்றார் மாமியார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். ஒருபக்கம் பிளாஸ்திரி ஒட்டிய கண்ணாடி. நர்ஸ் முதலில் விரலில் கிளிப்பை மாட்டினாள். தொண்ணூற்று நான்கு.

"அதை நம்பாதீங்க டாக்டர். ரத்தம் எடுத்துப் பாருங்க."

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"அளவுகருவி சரிபார்க்கறது."

டாக்டர் அவனைப் பார்த்தார், மாமியாரின் உதட்டைப் பார்த்தார், கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போவதைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டில் நாடியைத் தேடி ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். இருபது நிமிடத்தில் சீட்டு வந்தது. எண்பத்து நான்கு.

ஆக்சிஜன் மாஸ்க் போட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் அடிப்பாகம் வெள்ளையாக இருந்தது. திரைக்கு வெளியே நின்று அவன் கேட்டான்.

"பத்து புள்ளி வித்தியாசம். எங்க தொழில்ல இதைக் குப்பையில போட்டுடுவோம்."

"இந்தக் கிளிப்பு நேரா ஆக்சிஜனைப் பார்க்கல" என்றார் டாக்டர். "விரல் வழியா வெளிச்சத்தை விடுது. எந்த வெளிச்சம் எவ்வளவு தாண்டி வருதோ அதுக்கு இத்தனை ஆக்சிஜன்னு உள்ளே ஒரு அட்டவணை வச்சிருக்கு."

"அந்த அட்டவணையை எதை வச்சுப் போட்டாங்க?"

"ஆளுங்களை வச்சு. நல்லா இருக்கற ஆளுங்களுக்கு ஆக்சிஜனைக் குறைச்சுக் குடுத்து, ரத்தத்தையும் எடுத்துப் பார்த்து, ரெண்டையும் எழுதிக்கிட்டாங்க."

"எந்த ஆளுங்க?"

டாக்டர் தன் கையைத் திருப்பிப் புறங்கையைக் காட்டினார். "பெரும்பாலும் இந்த நிறம் இல்லாதவங்க. கறுத்த தோல்ல அது கூடுதலாக் காட்டறதுண்டு. எல்லாருக்கும் இல்ல. யாருக்கு எவ்வளவுன்னு முன்னாடியே சொல்லவும் முடியாது."

"இது தெரிஞ்ச விஷயமா?"

"ரொம்ப வருஷமாத் தெரியும்."

"பெட்டியில எழுதல."

டாக்டர் கையிலிருந்த சீட்டை மடித்தார்.

"ஆக்சிஜன் குறைஞ்சது நிஜம்" என்றான். "கறுப்போ வெளுப்போ, குறைஞ்சா குறைஞ்சதுதான். ஆனா அந்த எண்ணு யாரை வச்சு எழுதினதுன்னு பக்கத்துல எழுதணுமில்ல? இருபது டிகிரியிலன்னு எழுதாம நாங்க ஒரு துண்டு இரும்பைக்கூட வெளியே விடறதில்ல."

"எழுதியிருக்கணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்களும் தினம் இதைத்தான் மாட்டறோம். இதால பிழைச்சவங்களும் நிறைய. மாட்டிட்டு முகத்தையும் பார்க்கணும், கேக்கணும். கூட்டம் இருந்தா அது விட்டுப்போகுது. உங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யாருக்காவது..."

"ஆமா" என்றான்.

 வேறு படுக்கையிலிருந்து டாக்டரைக் கூப்பிட்டார்கள், போனார்.

நாலரைக்கு மாமியாரின் உதட்டில் நிறம் வந்திருந்தது. பிழைத்துக்கொள்வார் என்று நர்ஸ் சொன்னாள். அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கண்ணை மூடியிருந்தவர் மூடியபடியே பேசினார். மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் குடத்துக்குள் பேசுவது போல் வந்தது. ஆனால் வாக்கியம் முழுசாக வந்தது.

"டாக்டரம்மா சொன்னது எல்லாம் கேட்டுது. திரைதானே."

"உம்."

"அப்ப அவளுக்கும் இதேதான்."

"இருக்கலாம். இனிமே தெரிஞ்சுக்க வழியில்ல."

"அவ சொன்னா இல்ல, முட்டுதுன்னு?"

"சொன்னா. மூணு நாளும் சொன்னா."

"நீங்க நம்பல."

"நோட்டை நம்பினேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலாம் போலிருந்தது. அவர் போர்வைக்கு வெளியே கையை எடுத்து, நர்ஸ் ஒட்டிய பஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"அவ என்னைக் கேக்கல, இல்லையா?"

அவன் போர்வையை அவர் கால்வரை இழுத்துவிட்டான்.

"எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. அம்மா எங்கேன்னாங்கறீங்க. அம்மா வரலையான்னாங்கறீங்க. அவ என்னை என்னிக்கு அம்மான்னு கூப்பிட்டா? பேச்சு வந்த நாள்ல இருந்து கண்டக்டர்தான். கண்டக்டர், சாப்பாடு போடு. கண்டக்டர், சில்லறை இருக்கா. உங்களுக்கு அது தெரியாதா?"

தெரியும். பொய் சொன்ன அன்று மறந்திருந்தான்.

"முதல் நாளே தெரியுமா?"

"நீங்க சொல்லி வாயை மூடறதுக்குள்ள தெரியும்."

"பிறகு ஏன் அத்தை எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"பின்னே? படியில நிக்க வச்சுக் கேக்கறாங்க, என்ன சொல்றது? நீங்க குடுத்ததை வச்சு ஓட்டினேன்." கண்ணைத் திறந்தார். "இப்ப சொல்லுங்க. அவ சொன்னதை. அலங்காரம் பண்ணாம."

"இப்ப வேண்டாம். மூச்சு..."

"என் மூச்சை நான் பார்த்துக்கறேன்."

மாஸ்க்கைக் கழற்றப் போனார். அவன் எழுந்து அதைப் பழையபடி பொருத்தினான். நாடாவைக் காதுக்குப் பின்னால் சரிசெய்தான். அதே இடத்தில் நின்றபடி சொன்னான்.

அந்த மூன்றாம் நாள் காலை ஏழு நாற்பதுக்கு அவன் ஷூ போட்டுக்கொண்டிருந்தான். மனைவி தலையணையை நிமிர்த்திச் சாய்ந்திருந்தாள். இன்னொரு தடவை பாருங்க என்றாள். அவன் இரண்டு கருவிகளையும் மாட்டிவிட்டு, அவளுக்கும் தெரியட்டும் என்று எண்களை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். அவள் முதலில் ஒன்றைப் பார்த்தாள், பிறகு மற்றதைப் பார்த்தாள். விரல்களை அவளே விடுவித்துக்கொண்டாள். பிறகு சிரித்த மாதிரி இருந்தது.

"சரி, நீங்க கிளம்புங்க. எனக்குத்தான் மூச்சு விடத் தெரியல போல."